பாடாமல் நின்ற பிள்ளைகள்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். 1996-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள். இப்போது போளூர் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள்.

"சார், என் கிளாஸ்ல ஒரு பையன் பிரேயர்ல எல்லாரோடயும் நேரா நிக்கிறான். ஆனா நாட்டுப்பண் பாட மாட்டேங்கிறான். கொடிக்கு சல்யூட்டும் வைக்க மாட்டேங்கிறான். வீட்ல யெகோவாவின் சாட்சிகளாம். இன்னொரு வாத்தியார் அதை வீடியோ எடுத்து குரூப்ல போட்டுட்டார். ஹெச்.எம். என்கிட்ட விளக்கம் கேக்கறாங்க. நீங்க பிஜோ கேஸ்னு ஒண்ணு நடத்துவீங்களே, அது என்ன சார்? பேரு ஞாபகம் இருக்கு, விவரம் மறந்துபோச்சு" என்றாள்.

பத்து நிமிடத்தில் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வழக்கை ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில், அடிப்படை உரிமைகள் பாடம் வரும்போது சொல்லியிருக்கிறேன். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் அதை ஏன் விடாமல் சொன்னேன் என்பதை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. இன்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான். சாவகாசமாகப் படியுங்கள்.

முதலில் வழக்கு.

கேரளத்தில் கோட்டயம் மாவட்டத்தில் கிடங்கூர் என்று ஓர் ஊர். அங்கே நாயர் சர்வீஸ் சொசைட்டி நடத்தும் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 1985-ல் அந்தப் பள்ளியில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் படித்தார்கள். பிஜோ பத்தாம் வகுப்பு, பினு மோள் ஒன்பதாம் வகுப்பு, பிந்து ஐந்தாம் வகுப்பு. யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம்.

வழிபாடு கடவுள் ஒருவருக்கே உரியது என்பது அந்தப் பிரிவினரின் நம்பிக்கை. கொடிக்கு வணக்கம் செலுத்துவதையும் நாட்டுப்பண் பாடுவதையும் அவர்கள் வழிபாட்டின் ஒரு வடிவமாகவே பார்க்கிறார்கள். நம் நாடு என்று இல்லை, எந்த நாட்டுக் கொடிக்கும் அவர்கள் வணக்கம் வைப்பதில்லை, எந்த நாட்டுப் பண்ணையும் பாடுவதில்லை. ஆனால் பிறர் பாடும்போது மரியாதையாக எழுந்து நிற்பார்கள். இந்த மூன்று பிள்ளைகளும் தினமும் அப்படித்தான் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அதே பள்ளியில் படித்த அக்காமார்களும் அப்படித்தான் நின்றார்கள். பல வருடங்களாக யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1985 ஜூலையில் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இதைக் கவனித்தார். பிள்ளைகள் பாடாமல் நிற்பது நாட்டுப்பற்று இல்லாத செயல் என்று அவருக்குப் பட்டது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு விசாரித்து என்ன சொன்னது தெரியுமா? இவர்கள் சட்டத்தை மதிக்கும் பிள்ளைகள், நாட்டுப்பண்ணை அவமதிக்கவில்லை என்று சொன்னது. அதற்குப் பிறகும், கல்வித் துறை அதிகாரியின் உத்தரவுப்படி, 1985 ஜூலை 26 அன்று தலைமையாசிரியை மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். தகப்பனார் போய்க் கேட்டார். தன் கையில் எதுவும் இல்லை என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

குடும்பம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே தனி நீதிபதியும் கைவிட்டார், டிவிஷன் பெஞ்சும் கைவிட்டது. பாட்டின் சொற்களை ஆராய்ந்து பார்த்தோம், எந்த மதத்தாரின் மனத்தையும் புண்படுத்தும் சொல் அதில் இல்லை, பிறகென்ன பாடுவதற்கு என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் அந்தக் காலத்தில் இதையேதான் சொல்லியிருப்பேன்.

உச்ச நீதிமன்றம் 1986 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பு சொன்னது. நீதிபதிகள் சின்னப்ப ரெட்டி, எம்.எம்.தத். தீர்ப்பை எழுதியவர் சின்னப்ப ரெட்டி. பாட்டின் சொற்களில் தவறு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல என்றார் அவர். பாடினால் தங்கள் நம்பிக்கைக்குத் துரோகம் செய்வதாகும் என்று பிள்ளைகள் மனதார நம்புகிறார்களா என்பதுதான் கேள்வி. அந்த நம்பிக்கை நமக்கு ஏற்புடையதா என்று அளந்து பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை இல்லை.

பிறகு சட்டத்தை எடுத்து வைத்தார். நாட்டுப்பண்ணைப் பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1971-ல் வந்த தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், பிறர் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவருக்கும், பாடும் கூட்டத்தில் கலாட்டா செய்பவருக்கும் மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. வாய்மூடி நிற்பவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நாட்டுப்பண்ணை மதிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்லும் அடிப்படைக் கடமை. எழுந்து நிற்பதே அந்த மதிப்பு. துறை அனுப்பிய சுற்றறிக்கைகளைக் காட்டினார்கள். சுற்றறிக்கை என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது, அதைக் கொண்டு ஒருவரின் அடிப்படை உரிமையைப் பறிக்க முடியாது என்றார். 19-வது பிரிவு பேசும் உரிமையைத் தருகிறது, பேசாமல் இருக்கும் உரிமையும் அதற்குள் அடக்கம். 25-வது பிரிவு மனச்சாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. பிள்ளைகளை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள் என்று உத்தரவிட்டார். சகிப்புத்தன்மை நம் மரபிலும் இருக்கிறது, தத்துவத்திலும் இருக்கிறது, அரசியல் சட்டத்திலும் இருக்கிறது, அதை நீர்த்துப்போக விடக்கூடாது என்ற கருத்தோடு தீர்ப்பை முடித்தார்.

வகுப்பில் நான் சொன்னது இதுவரைதான். இனிமேல் சொல்லாதது.

1984-ல் எனக்கு 31 வயது. நம் ஊர் அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியர். ஜூலை மாதம் ஒரு திங்கட்கிழமை. கொடியேற்றம் முடிந்ததும் பி.டி. மாஸ்டர் என்னிடம் வந்து, "உங்க கிளாஸ் பொண்ணு ஒண்ணு கையைக் கட்டிக்கிட்டு நிக்குது சார். சல்யூட்டும் இல்ல, பாட்டும் இல்ல" என்றார்.

யார் என்று பார்த்தேன். சாதாரணமாக என் கண்ணிலேயே படாத பெண். மூன்றாவது பெஞ்சில் உட்காருவாள். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் பேசமாட்டாள். தகப்பனார் செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தார்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டு "ஏம்மா?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கலையப்போன வரிசையை மறுபடி நிற்க வைத்தேன். எல்லாப் பிள்ளைகளும் பார்க்க அவளை முன்னால் வரவழைத்து, நாட்டுப்பண்ணைத் தனியாகப் பாடச் சொன்னேன். பாடவில்லை. தலையைக் குனியவும் இல்லை, அழவும் இல்லை. எனக்குக் கோபம் ஏறியது. கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் முட்டி போடச் சொன்னேன். முதல் பீரியட் முடியும் வரை மண்தரையில் முட்டி போட்டிருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அவளுடைய தகப்பனார் வந்தார்.

ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கையில் கிரீஸ் கறை. "சார், பாப்பா கொடியை அவமரியாதை பண்ணல. எந்திரிச்சு நிக்கச் சொல்லித்தான் நாங்க வளத்திருக்கோம். நிக்குது. பாடறதுக்கும் கும்பிடறதுக்கும் மட்டும் எங்க வேதத்துல இடம் இல்ல சார். வேற என்ன தண்டனைனாலும் குடுங்க. எல்லார் முன்னாடியும் முட்டி மட்டும் போட வைக்காதீங்க" என்றார்.

நான் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. "இந்த நாட்டுச் சோறு திங்கிறீங்க, இந்த நாட்டுப் பாட்டு மட்டும் வாயில வராதா?" என்றேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் தலையாட்டினார்கள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த வாரமே டி.சி. வாங்கிக்கொண்டார். நானே டி.சி. எழுதினேன். நன்னடத்தை என்ற இடத்தில் 'நன்று' என்று போட்டேன். உண்மையும் அதுதான். அந்தப் பெண்ணின் பேரில் வேறு ஒரு புகாரும் கிடையாது.

அதே மாதம் எட்டாம் வகுப்பில் நான் நடத்திய பாடம் காந்தியின் ஒத்துழையாமை இயக்கம்.

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். சாக்குச் சொல்வதற்காக அல்ல, நம் தலைமுறை எப்படி வளர்ந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நான் 1953-ல் பிறந்தவன். சீனப் போர் வந்தபோது ஒன்பது வயது. பெண்கள் கழுத்து நகையைக் கழற்றிக் கொடுத்ததை நேரில் பார்த்தேன். பள்ளியில் நாம் சொல்லும் உறுதிமொழியே அந்தப் போருக்கான பதில்தான். பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற தெலுங்கர், விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர், 1962-ல் அதை எழுதினார். நாட்டுப்பற்று என்பது உரக்கச் சொல்ல வேண்டிய ஒன்று என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார்கள்.

ஆனால் இந்தச் சாக்கும் எனக்கு முழுதாக உதவாது. அந்த உறுதிமொழியை நாடெங்கும் உள்ள பள்ளிகளில் 1965 ஜனவரி 26 முதல் சொல்ல வைக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அதே நாளில்தான் இந்தி ஆட்சிமொழி ஆக இருந்தது. தமிழ்நாட்டில் அந்தக் குடியரசு நாளைத் துக்க நாளாக அனுசரிக்க வேண்டும் என்று தி.மு.க. அறிவித்தது. மாணவர்கள் அதற்கு முந்தைய நாளே தெருவுக்கு வந்துவிட்டார்கள். 27-ந் தேதி சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்.

எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. எங்கள் பள்ளிக் கொடியேற்றத்துக்கு மேல் வகுப்பு அண்ணன்மார் இரண்டு பேர் சட்டையில் கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டு வந்தார்கள். கொடிக்கு வணக்கம் வைக்கமாட்டோம் என்றார்கள். பிரம்போடு இருந்த தலைமையாசிரியர் அவர்களை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் "என்னப்பா விஷயம்?" என்று கேட்டார். அவர்கள் சொன்னதை முழுதாகக் கேட்டார். "சரி, பின்வரிசையில போய் நில்லுங்க. கொடி ஏறும்போது சத்தம் மட்டும் கூடாது" என்றார். கடைசியில் எல்லாருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தபோது அந்த இருவருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். அவர் காங்கிரஸ்காரர், கதர் உடுத்துபவர்.

இதை என் கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும், பத்தொன்பது வருடம் கழித்து, ஒரு சைக்கிள் கடைக்காரர் மகளிடம் "ஏன்" என்ற ஒரு சொல்லைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. மொழிக்காக மறுத்தவர்கள் என் ஆட்கள், அதனால் அது எனக்குப் புரிந்தது. வேதத்துக்காக மறுத்தவள் என் ஆள் இல்லை, அதனால் புரியவில்லை. வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

1986 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. ஸ்டாஃப் ரூமில் பேப்பர் பார்க்கிறேன். கேரளப் பிள்ளைகள் மூன்று பேரின் வழக்கில் தீர்ப்பு. படித்து முடித்து மடித்து வைத்தேன். யாரிடமும் எதுவும் பேசவில்லை. மூன்று நாள் கழித்து ஆகஸ்ட் 15. அன்று கொடியேற்றத்தில் நான் கொடியைப் பார்க்கவில்லை, வரிசைகளைப் பார்த்தேன். பாதிப் பிள்ளைகள் சும்மா வாயசைத்தார்கள். சிலருக்கு வரியே தெரியவில்லை. இரண்டு ஆசிரியர்கள் பஞ்சப்படி பாக்கியைப் பற்றிக் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர்களில் ஒருவரையும் நான் ஒருநாளும் முட்டி போட வைத்ததில்லை. நேராக நிமிர்ந்து, கவனமாக, சத்தமில்லாமல் நின்ற ஒருத்தியைத்தான் முட்டி போட வைத்தேன்.

அன்று மாலை செங்கம் ரோட்டுக்குப் போனேன். அந்தக் கடையில் வேறு யாரோ இருந்தார்கள். குடும்பம் வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் நான் தேடவில்லை. தேடியிருக்க வேண்டும்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பிலேயே அமெரிக்க வழக்குகள் வருகின்றன. அவற்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற சுரங்க ஊர். 1935-ல் லில்லியன் என்ற 12 வயதுச் சிறுமியையும் அவள் தம்பி வில்லியத்தையும் கொடிவணக்கம் செய்யாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். 1940 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஐரோப்பாவில் ஹிட்லரின் படை பிரான்சுக்குள் புகுந்திருந்த நேரம் அது. தேச ஒற்றுமைதான் பெரிது என்று நீதிபதிகள் நினைத்தார்கள்.

தீர்ப்பு வந்ததும் என்ன நடந்தது? நீதிமன்றமே சொல்லிவிட்டது, இவர்கள் துரோகிகள் என்று ஊர் ஊராகக் கும்பல் கிளம்பியது. அடித்தார்கள். மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களுடைய கூடத்தையே கொளுத்தினார்கள். பள்ளியில் ஒரு பிள்ளையைத் தனியாக நிறுத்தினால், தெருவில் கல்லெடுப்பவனுக்கு அது உத்தரவு மாதிரி ஆகிவிடுகிறது. அந்த வாத்தியார் எடுத்த வீடியோவைப் பற்றிக் கேட்டவுடன் எனக்கு முதலில் நினைவு வந்தது கென்னபங்க்தான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1940-ல் அந்தத் தீர்ப்பில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட நீதிபதிகளில் பிளாக், டக்ளஸ், மர்பி என்ற மூன்று பேர், இரண்டே வருடத்தில், வேறொரு வழக்கில், அன்று நாங்கள் முடிவு செய்தது தவறு என்று வெளிப்படையாக எழுதினார்கள். நாட்டின் மிக உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "நான் செய்தது தப்பு" என்று எழுதுவது எளிதல்ல. அடுத்த வருடம், 1943 ஜூன் 14, அவர்களுடைய கொடி நாளிலேயே, மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த பார்னெட் சகோதரிகள் வழக்கில் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் பழைய தீர்ப்பைத் தூக்கி எறிந்தார்கள். போர் உச்சத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும், நாட்டுப்பற்று என்றால் இன்னதுதான் என்று வரையறுத்து அதை வாயால் சொல்லச் சொல்ல எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அந்தக் காலத்தில் அமெரிக்கப் பள்ளிகளில் கையை முன்னால் நீட்டித்தான் கொடிவணக்கம் செய்தார்கள். பார்ப்பதற்கு ஹிட்லர் சல்யூட் மாதிரியே இருக்கும். அந்தச் சங்கடம் தாங்காமல் 1942 டிசம்பரில்தான் நெஞ்சில் கைவைக்கும் முறைக்கு மாற்றினார்கள். ஜெர்மனியிலோ, இதே பிரிவுப் பிள்ளைகள் ஹிட்லர் சல்யூட் வைக்க மறுத்தார்கள். அதற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். பலரைப் பெற்றோரிடமிருந்தே பிரித்துக்கொண்டு போனார்கள். பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் வதைமுகாமுக்குப் போனார்கள். அங்கே அவர்கள் சட்டையில் ஊதா முக்கோணம் தைக்கப்பட்டிருந்தது.

நம் கொடியும் ஹிட்லரின் கொடியும் ஒன்றா என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். ஒன்றே இல்லை. நான் கொடியைப் பற்றிப் பேசவில்லை, பிள்ளையைப் பற்றிப் பேசுகிறேன். பெர்லினில் சல்யூட் வைக்க மறுத்த சிறுமியைப் பற்றிப் படித்தால் நமக்குக் கண் கலங்குகிறது. அதே நம்பிக்கையோடு, அதே மாதிரி, திருவண்ணாமலையில் ஒரு சிறுமி நின்றால் முட்டி போட வைக்கிறோம். அவள் மாறவில்லை. எந்த இடத்திலும் அவள் செய்தது ஒன்றேதான். அதனால் அவளுடைய மௌனத்தைப் பார்த்து அவளுக்கு நாட்டுப்பற்று உண்டா இல்லையா என்று முடிவு கட்டவே முடியாது. ஆனால் அந்த மௌனத்தை நாடு எப்படி நடத்துகிறது என்பதை வைத்து, அது எப்படிப்பட்ட நாடு என்று முடிவு செய்யலாம்.

நம் உறவினர்களில் சிலர் இப்போதே பதில் எழுத விரலை மடக்கிக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும். "எல்லாரும் இப்படியே மதத்தைச் சொல்லிக் கிளம்பிட்டா நாடு என்னாகும்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1986-லிருந்து எத்தனை வருடம் ஆயிற்று? அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுபடியாகிறது. அதனால் நாட்டுப்பண் பாடும் பழக்கம் எந்தப் பள்ளியிலாவது நின்றுபோயிற்றா? கலாட்டா செய்பவனுக்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அமைதியாக நிற்பவனிடம் நாட்டுக்கு என்ன பயம்?

கட்டாயப்படுத்திப் பார்த்த அனுபவமும் நமக்கு உண்டு. 2016 நவம்பர் 30 அன்று, எல்லாத் தியேட்டரிலும் படத்துக்கு முன்னால் நாட்டுப்பண் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. எழுந்து நிற்காதவர்களோடு தியேட்டருக்குள் தகராறு நடந்தது. 2018 ஜனவரி 9 அன்று, கட்டாயமில்லை என்று அதே நீதிமன்றம் மாற்றிக்கொண்டது. நம் சென்னை உயர்நீதிமன்றத்தில் 2017 ஜூலையில் வந்த தீர்ப்பும் உண்டு. ஆசிரியர் தேர்வில் ஒரு மார்க் போன வழக்கு அது. வந்தே மாதரம் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பது கேள்வி. வழக்குப் போட்டவருக்கு மார்க் கிடைத்தது. கூடவே, பள்ளிகளில் வாரம் ஒருமுறையாவது அதைப் பாட வேண்டும் என்றும் நீதிபதி உத்தரவிட்டார். ஆனால் அந்த உத்தரவிலேயே, தக்க காரணத்தோடு பாட இயலாது என்பவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றும் எழுதியிருக்கிறது. பாடச் சொன்ன நீதிபதியும் அந்தக் கதவைச் சாத்தவில்லை.

இன்னொன்று. நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1896 செப்டம்பர் 1 அன்று ஒரு பதினாறு வயதுப் பையன் இந்த ஊருக்கு வந்து இறங்கினான். கோயிலுக்குள் போய் உட்கார்ந்தான். வருடக்கணக்கில் பேசவே இல்லை. சில பையன்கள் கல்லெறிந்தார்கள். பிறகு உலகமே வந்து அந்த ரமணர் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்தது. கிரிவலத்தில் சிலர் பாடிக்கொண்டு போகிறார்கள், சிலர் ஒரு சொல்லும் பேசாமல் நடக்கிறார்கள். பேசாமல் நடப்பவரை யாராவது பக்தி இல்லாதவர் என்று சொல்வோமா? மௌனத்தைக் கும்பிடும் ஊரில் பிறந்து வளர்ந்தும், ஒரு பிள்ளையின் மௌனம் எனக்கு அவமரியாதையாகத் தெரிந்தது.

போன் செய்த மாணவிக்கு நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

முதல் வேலை, அந்த வீடியோவை எடுத்தவரையே அழிக்கச் சொல். பிள்ளையின் முகம் ஊர் சுற்றக் கூடாது. பையனைத் தனியாகக் கூப்பிட்டு, கோபமில்லாமல், ஏன் என்று கேள். பதிலை முழுதாகக் கேள். எழுந்து நிற்கிறானா, பிறரைத் தொந்தரவு செய்யாமல் இருக்கிறானா என்று மட்டும் பார். இரண்டும் சரி என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. ஹெச்.எம்.முக்கு விளக்கம் எழுதும்போது பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு, உச்ச நீதிமன்றம், 1986 என்று தேதியோடு எழுது. வாயால் சொன்னால் உன் கருத்து என்பார்கள், தாளில் இருந்தால் சட்டம். கடைசியாக, வகுப்பில் மற்ற பிள்ளைகளிடம் இந்த வழக்கைக் கதையாகச் சொல். அந்தப் பையன் பேரைச் சொல்லாமல் சொல். அவர்கள் புரிந்துகொள்வார்கள். நம்மைவிடப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் புரியும்.

நேற்று அவள் மறுபடி பேசினாள். விளக்கம் எழுதிக் கொடுத்தாளாம். ஹெச்.எம். படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்று ஃபைலில் வைத்தாராம். பையன் தினமும் வருகிறானாம். இன்றைக்கு அதுவே போதும்.

நான் முட்டி போட வைத்த அந்தப் பெண்ணின் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை. அன்று எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தியதே போதும், இன்னொரு முறை நிறுத்த எனக்கு உரிமையில்லை. இப்போது அவளுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். அந்த வகுப்பில் படித்தவர்கள் சிலர் இந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள். அவளோடு யாருக்காவது தொடர்பு இருந்தால், பெயரை இங்கே கமெண்டில் போடாதீர்கள். இந்தப் பதிவை மட்டும் அவளுக்கு அனுப்பி வையுங்கள். பதில் வர வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா, நீ அன்று மரியாதையாகத்தான் நின்றாய். மரியாதை தெரியாமல் நடந்தவன் நான்தான். மன்னித்துவிடு.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்,
திருவண்ணாமலை.